எண்பத்தேழாவது ஆள்

பத்தொன்பது வருடமாக நான் பார்க்கிற வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். சாலையோரம் உட்கார்ந்து எண்ணுவேன். கார் போனால் படிவத்தில் ஒரு கோடு. லாரி போனால் வேறு கட்டத்தில் ஒரு கோடு. மனிதர் சாலையைத் தாண்டினால் கையிலிருக்கும் கிளிக்கரில் ஒரு அழுத்து, எண் ஒன்று கூடும். மடக்கு நாற்காலி, மஞ்சள் கோட்டு, ஒரு தண்ணீர் பாட்டில், இவ்வளவுதான் என் சொத்து. வெயிலில் உட்கார்ந்தால் தலை வலிக்கும். மழையில் உட்கார்ந்தால் படிவம் நனையும். பதவி உயர்வு என்ற பேச்சே கிடையாது. இத்தனை வருடத்தில் நாற்காலி மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது.

ஆனால் என் அக்காவுக்கு நான் ஆபீசர்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள். சாலைத் துறையில் எனக்கு வேலை கிடைத்த அன்றைக்கே, "தம்பி ரோடு ஆபீஸ்ல ஆபீசர்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். ஆபீஸ் என்று ஒன்று இருந்தால் அதில் ஆபீசர் இருப்பார், அவர் தன் தம்பியாகத்தான் இருப்பார் என்பது அவள் கணக்கு. அப்போதே திருத்தியிருக்க வேண்டும். அவள் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த நாளை வரவேயில்லை. எனக்குப் பெண் பார்த்த காலத்திலும் இதையே அள்ளிவிட்டாள். பெண் வீட்டார் ஆபீசில் வந்து விசாரித்துவிட்டுச் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். "அவங்களுக்குக் கொடுத்து வைக்கல" என்று அக்கா இன்றுவரை சொல்வாள். அத்தான் இறந்த பிறகு அவளும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

அக்கா வேலை பார்ப்பது நகரத்தின் விளிம்பில் இருக்கிற வணிக வளாகத்தில். ஆறு பெரிய கடைகள், நடுவில் நானூறு கார் நிறுத்துகிற மைதானம். கடைகள் எல்லாம் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதற்குப் படம் வரைந்தவர் காரிலேயே பிறந்து காரிலேயே வளர்ந்தவராக இருக்க வேண்டும். கார் உள்ளே போக அகலமான வழி, வெளியே வர நிற்காமலே திரும்பிப் பறக்கத் தனிப்பாதை, எல்லாம் உண்டு. காலால் நடந்து வருகிறவர் ஒருவர் இருக்கக்கூடும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. நடைபாதை கொஞ்ச தூரம் வந்து ஒரு வேலிச்செடியில் முட்டி நின்றுவிடும்.

பஸ் நிறுத்தம் முன்பு வளாகத்து வாசலிலேயே இருந்தது. உள்ளே திரும்புகிற கார்களுக்கு பஸ் இடைஞ்சலாக இருக்கிறது என்று அதைத் தூக்கி எதிர்ப்பக்கம், வெகுதூரம் தள்ளி வைத்தார்கள். இரண்டுக்கும் நடுவே நாலு வழிச்சாலை. முறையாகத் தாண்ட வேண்டுமானால் நானூற்றிருபது மீட்டர் நடந்து சிக்னலுக்குப் போய், தாண்டி, அதே தூரம் திரும்பி வர வேண்டும். யார் நடப்பார்கள்? நிறுத்தத்துக்கு நேர் எதிரே, சாலை நடுவிலிருக்கும் இரும்புத் தடுப்பில் இரண்டு கம்பிகளை யாரோ கழற்றிவிட்டார்கள். அந்த இடைவெளி வழியாகத்தான் போக்குவரத்து. நடுத்திட்டில் புல் செத்து, தலையில் வகிடு எடுத்த மாதிரி ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கும்.

அங்கே பாதசாரி விளக்கும் வெள்ளைக் கோடும் வேண்டும் என்று கடைக்காரப் பெண்கள் எல்லாரும் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்தார்கள். முதல் கையெழுத்து என் அக்காவுடையது. எங்கள் துறையில் மனு வந்தால் முதலில் எண்ண வேண்டும். வேலை மாறுகிற நேரத்தில் ஒரு மணிக்குள் நூறு பேர் அந்த இடத்தில் தாண்டினால் விளக்கு. மூன்று முறை எண்ணலாம். மூன்றிலும் நூறு வராவிட்டால் கோப்பைக் கட்டி ஐந்து வருடத்துக்குப் பரணில் போட்டுவிடுவார்கள்.

முதல் தடவை நான் எண்ணியது ஒன்பது பேர்.

என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. எதிரே பாதை தேய்ந்து கிடக்கிறது. ஆட்களோ சாலையோரமாக வரிசையாக நடந்து சிக்னலுக்குப் போகிறார்கள். அக்காவும் அந்த வரிசையில் நடந்தாள். அவளுக்கு வலது முழங்கால் சரியில்லை. இருந்தும் ஒழுங்காகச் சுற்றிப் போகிறாளே என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மற்றவர்கள் வேறு நேரத்தில் தாண்டுகிறார்கள் போலிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன்.

நாலு மாதம் கழித்து இரண்டாம் தடவை. பதினான்கு பேர்.

அதற்கு அடுத்த வாரம், ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தியை அந்த இடைவெளியில் வைத்து ஒரு வேன் அடித்தது. தொடை எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தாள். இன்னும் ஊன்றுகோல்தான். "உங்க ஆபீஸ்ல என்னதான்டா பண்றாங்க? ஒரு லைட் போட இவ்வளவு நாளா?" என்று அக்கா கேட்டாள். பரிசீலனையில் இருக்கிறது என்று ஆபீசர் மாதிரியே பதில் சொன்னேன். சொல்லும்போது எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது.

மூன்றாவது, கடைசித் தடவைக்கு முந்தைய நாள் சாயங்காலம். வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அக்காவின் கறுப்பு ஷூ கிடந்தது. அதன் லேசில் முள்முள்ளாக ஒட்டுப்புல் விதை. ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன். சிக்னல் பக்கம் முழுக்க சிமெண்டுத் தரை, அங்கே புல்லே முளைக்காது. அந்த வட்டாரத்தில் ஒட்டுப்புல் இருப்பது நடுத்திட்டில் மட்டும்தான். எத்தனை வருடம் இந்த மாதிரி நடுத்திட்டுகளில் உட்கார்ந்து என் கால்சட்டையிலிருந்து பிய்த்திருக்கிறேன்.

அக்கா நாற்காலியில் காலை நீட்டி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ எந்த வழியா ரோட்டைத் தாண்டுற?"

"சிக்னல் வழியாத்தான். ஏன்?"

ஷூவைத் தூக்கிக் காட்டினேன். அவள் தைல மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள். "இந்த முட்டியை வச்சுக்கிட்டு தினமும் அவ்வளவு தூரம் யாருடா நடப்பா? நீ நிக்கிற அன்னைக்கு மட்டும் சுத்திப் போவோம்."

"போவோம்னா? யார் யாரு?"

"எல்லாரும்தான். நான்தான் கடை கடையா சொல்லி வச்சிருக்கேன். என் தம்பி ஆபீசர், குறுக்க போறவங்களைப் பிடிக்க வந்து உக்காந்திருக்கான், அவன் கண்ணு முன்னாடியே நாம தப்பு பண்ணா அவனுக்கு மேலிடத்துல என்ன மரியாதை இருக்கும்னு. பாவம், எல்லாரும் எனக்காக நடந்தாங்க. கால் வலிக்குதுன்னு ஒருத்தி கூட மூஞ்சியைத் தூக்கல."

ஒன்பது, பதினான்கு என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த இரண்டு படிவமும் கண் முன்னே வந்தன.

"அக்கா, நான் யாரையும் பிடிக்க வரல. எண்ண வந்தேன்."

"என்னத்தை எண்ண?"

"உங்களைத்தான். நூறு பேர் குறுக்க வந்தாத்தான் லைட்டு. நீங்க சுத்திப் போனா அங்க ஆளே இல்லன்னு கணக்கு. ரெண்டு தடவையும் அப்படித்தான் போச்சு."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள். "ஆபீசர் எதுக்குடா ரோட்டுல உக்காந்து ஆளை எண்ணணும்? அதுக்கெல்லாம் ஆள் இருக்காதா?"

"நான்தான்க்கா அந்த ஆளு."

இவ்வளவுதான். பத்தொன்பது வருடம் தொண்டையில் வைத்திருந்தது ஒரு வரிகூட முழுதாகத் தேறவில்லை. வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஷூவிலிருந்து விதைகளைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்றும் நினைத்தேன். "தினம் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வேலைக்குப் போற ஆபீசரை நான் எங்கயும் பாத்ததில்ல. அப்பவே யோசிச்சிருக்கணும், மரமண்டை" என்றாள். என்னைச் சொன்னாளா தன்னைச் சொன்னாளா தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. "அப்ப அந்த ரொட்டிக் கடைப் பொண்ணு... நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா, முதல் தடவையே லைட்டு வந்திருக்கும்ல?"

"உடனே எல்லாம் வந்திருக்காதுக்கா. ஆனா நான் வாயைத் திறந்திருந்தா நீ அப்படிச் சொல்லியிருக்கவே மாட்ட."

இரண்டு பேரும் பழியில் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு யாரும் டிவி போடவில்லை.

தூங்கப் போகும் முன் அவள் கேட்டாள். "நாளைக்கு ஒவ்வொருத்தியையும் ரெண்டு தடவை போகச் சொல்லட்டுமா?"

"வேணவே வேணாம். அது கள்ளக்கணக்கு. வழக்கமா எப்படிப் போவீங்களோ அப்படிப் போங்க, அது போதும். நான் இருக்கேன்னு பாக்காதீங்க."

சொல்லிவிட்டுப் படுத்த பிறகுதான் நான் என்ன கேட்டிருக்கிறேன் என்று உறைத்தது. நாளைக்கு என் கண் முன்னால் அந்தச் சாலையில் இறங்கச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் மூன்றரை மணிக்கு நிறுத்தத்தின் ஓரம் நாற்காலியைப் போட்டேன். கடைசித் தடவை என்பதால் இன்ஜினீயர் மேடமும் வந்திருந்தார். அவர் நல்ல மனுஷி. பதினேழு வளாகத்துக் கோப்புகள் அவர் மேஜையில் இருந்தன, கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. காரை ஓரமாக நிறுத்திக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, விதியை எனக்கு நினைவுபடுத்தினார்.

"கை காட்டக் கூடாது, குரல் கொடுக்கக் கூடாது, வண்டியை நிறுத்தக் கூடாது. தெரியும்ல? ஒரு தடவை தலையிட்டாலும் மொத்தக் கணக்கும் செல்லாது. நானே நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும் மேடம்."

நாலு மணி வரை இருபத்திரண்டு. நாலு அடித்ததும் காலை வேலைக்காரர்கள் கடைகளின் பின்கதவு வழியாக வெளியே வந்தார்கள். வேலிச்செடியை விலக்கிக்கொண்டு சாலையோரம் வந்து நின்றார்கள். முதலில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். பிறகு காய்கறிப் பிரிவுப் பெண் ஒருத்தி முதல் காலை வைத்தாள். அவள் பின்னால் நாலு பேர், அவர்கள் பின்னால் ஏழு பேர். கையைக் கோத்துக்கொண்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டு வழி தாண்டி நடுத்திட்டு, அங்கே நின்று மூச்சு வாங்கி, அடுத்த இரண்டு வழி. வளாகத்திலிருந்து வெளியே வருகிற கார்கள் அந்தத் தனிப்பாதையில் நிற்காமல் திரும்பி, சரியாக அந்த இடத்தில்தான் வேகம் எடுக்கும். ஹாரன் காதைப் பிய்த்தது. நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். ஐம்பது. அறுபத்து மூன்று. ஒவ்வொரு முறை எண் கூடும்போதும் சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷம் அசிங்கமாகவும் இருந்தது.

ரொட்டிக் கடைப் பெண்ணும் ஊன்றுகோலோடு வந்தாள். அவள் குறுக்கே வரவில்லை, சிக்னலைப் பார்த்து மெதுவாக நடந்தாள். அவளை எண்ணுவதற்கு இல்லை. அன்றைக்கு நடந்ததிலேயே எனக்கு உறுதியாக மகிழ்ச்சி தந்தது அதுதான்.

எண்பத்தாறு ஆனபோது கூட்டம் வடிந்திருந்தது. அப்போதுதான் அக்கா வந்தாள். கல்லாவை ஒப்படைத்துவிட்டு வர நேரமாகியிருக்க வேண்டும். தனியாக வந்து ஓரத்தில் நின்றாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். என்னை மட்டும் பார்க்கவில்லை.

முதல் இரண்டு வழியை நன்றாகவே தாண்டிவிட்டாள். நடுத்திட்டில் ஏறி, கம்பி இல்லாத இடைவெளியில் நுழைந்தாள். ஒரு லாரி போகும்வரை காத்திருந்து, இறங்கினாள். இறங்கும்போது வலது கால் மடங்கியது. விழவில்லை. ஆனால் சாலையில் ஒரு அடி எடுத்து வைத்த நிலையில் அப்படியே நின்றுவிட்டாள். முன்னே வரவும் முடியவில்லை, பின்னே ஏறவும் முடியவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் இரண்டு கார்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன.

நான் எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மஞ்சள் கோட்டு போட்ட ஒருவன் சாலையில் இறங்கிக் கையைத் தூக்கினால் எந்தக் காரும் நிற்கும். ஒரு கை, அவ்வளவுதான். விளக்கும் போகும், கோப்பும் போகும், இன்னும் ஐந்து வருடத்துக்கு இவர்கள் எல்லாரும் இப்படியே தாண்டுவார்கள். போகட்டும் என்றுதான் நினைத்தேன். என் கை பாதி தூரம் எழும்பியும்விட்டது.

அக்கா என்னைப் பார்த்தாள். கம்பியைப் பிடிக்காத கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி, இரண்டு முறை அழுத்தினாள். சின்ன வயதில் சாப்பாட்டுத் தட்டைவிட்டு நான் எழுந்து ஓடும்போது செய்வாளே, அதே சைகை. உட்காரு.

நான் கையை இறக்கினேன். நாற்காலி இல்லாததால் நடைபாதை விளிம்பிலேயே உட்கார்ந்தேன். இரண்டு கார்களும் அவளுக்கு ஒரு முழ தூரத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. அவள் சட்டை ஒரு பக்கமாகப் பறந்து அடங்கியது. அதற்குப் பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, நாலு வழியின் கடைசி இரண்டையும் தாண்டி வந்து என் எதிரே நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"எண்ணிட்டியாடா?"

கிளிக்கரைப் பார்த்தேன். எண்பத்தாறிலேயே நின்றது. கட்டைவிரல் பொத்தான் மேல் மரத்துப்போய்க் கிடந்தது. பத்தொன்பது வருடத்தில் நான் தவறவிட்ட முதல் ஆள் அவள்தான்.

"இல்லக்கா. அழுத்தல."

"அழுத்தலையா?" சலித்துக்கொண்டாள். "சரி, இதைப் பிடி. போய்ட்டு வந்துடுறேன்." பையை என் மடியில் வைத்துவிட்டு, சாலையைப் பார்த்துத் திரும்பியேவிட்டாள்.

எட்டி அவள் கையைப் பிடித்தேன். "வேணாம்க்கா. வந்தது வந்ததுதான். இப்ப அழுத்துறேன்."

"கள்ளக்கணக்கு ஆயிடாதே?"

"ஆகாது."

"அழுத்து. நான் பாக்கணும்."

அழுத்தினேன். எண்பத்தேழு. அவள் குனிந்து எண்ணைப் படித்துப் பார்த்துவிட்டு, விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி, தானே அதில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். ஆபீசருக்கு நாற்காலி இல்லை. சாயங்கால வேலைக்குப் பஸ்ஸில் வந்து இறங்கித் தாண்டியவர்களை மீதி நேரம் நின்றுகொண்டே எண்ணினேன்.

நாலரை மணிக்கு நூற்றுப் பதினாறு. மேடம் காரிலிருந்து இறங்கி வந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நான் எழுந்ததை அவர் பார்த்திருந்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அக்காவின் காலை மட்டும் ஒரு முறை பார்த்துவிட்டு, விளக்கு வர எப்படியும் பதினோரு மாதம் ஆகும் என்றார்.

"நூறு போதும்னியே" என்றாள் அக்கா, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு. "அப்ப பதினாறு பேர் சும்மாவா உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தோம்?" சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழ ஆரம்பித்தாள். பஸ் சிக்னல் தாண்டும்வரை அழுதாள். நாற்காலி மடியில் இருந்ததால் என்னால் சரியாகத் திரும்பக்கூட முடியவில்லை.

அந்தப் படிவம் கோப்பில் இருக்கிறது. தேதி, இடம், நேரம், மொத்தம் நூற்றுப் பதினாறு பேர் என்று எழுதியிருக்கிறது. எண்ணியவர் என்று போட்டிருக்கும் இடத்தில் என் பெயர். அதில் எண்பத்தேழாவது ஆள் என் அக்கா என்று எழுத ஒரு கட்டமும் இல்லை.